வெள்ளையடித்த வீடு

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் தையலக்கா உள்ளே நுழைவார். அதை அலமாரி உச்சியில் ஏற்றி வைப்பார். தையல் மெஷினின் கால்கள் செங்கல் மேல் நிற்கும். தரையில் எதையும் விட்டுவைக்க மாட்டார். ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்ததிலிருந்து இப்படித்தான்.

இப்போது இருப்பது நிவாரண முகாம், ஒரு பள்ளிக்கூடத்தின் பெரிய கூடம். போர்வைகளைக் குறுக்கே கட்டிக் குடும்பங்களைப் பிரித்திருக்கிறார்கள். அக்காவின் பங்கு மட்டும் பளிச்சென்று இருக்கும். ஒழுங்கில்லாததைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. என் சட்டைக் கையில் தொங்கிய நூலைப் பேச்சோடு பேச்சாகக் கத்தரித்துவிட்டார், நான் கேட்கவேயில்லை.

அந்தச் சுத்தம்தான் வினையாகிவிட்டது. வெள்ளத்தால் வெளியேறியவர்களை முகாமிலிருந்து அனுப்பக் கூடாது, மேட்டில் மாற்று வீடு தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் பழைய வீடு குடியிருக்க லாயக்கில்லை என்று அதிகாரி நேரில் பார்த்து எழுத வேண்டும். அவர் வருகிறார் என்று தெரிந்ததும் நம் அக்கா என்ன செய்தார்? முதல் நாளே போய், சேற்றை வழித்து, தரையைத் தேய்த்து, சுவருக்கு வெள்ளையும் அடித்துவிட்டார்.

“நாலு பேர் வந்து பாக்குற வீடுங்க. அப்படியே போட்டு வைக்க மனசு வருமா?”

வந்தவர், தாராளமாகக் குடியிருக்கலாம் என்று எழுதிவிட்டார். முகாமைக் காலி செய்யச் சொல்லி ஆணையும் வந்தது. ஒவ்வொரு மழைக்கும் ஆறு எட்டிப் பார்க்கிற வீடு அது.

“வானம் இருட்டினாலே எம் பாப்பா கட்டில்ல ஏறி நின்னுக்குது. அவளை எப்படி அங்க கூட்டிட்டுப் போவேன்?” என்றார்.

இலவச சட்ட உதவிக்கு வந்த இளம்பெண் வக்கீல் அலையாய் அலைந்து மறு ஆய்வுக்கு உத்தரவு வாங்கினார். “அக்கா, இந்தத் தடவை துடைப்பத்தைத் தொட்டீங்க, நான் கேஸை விட்டுட்டுப் போயிடுவேன்” என்று பாதி விளையாட்டாக மிரட்டியும் வைத்தார்.

மறு ஆய்வு நாளில் நானும் கூடப் போனேன். புது அதிகாரி சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். “நல்லாத்தானேம்மா இருக்கு” என்று பேனாவைத் திறந்தார். வக்கீல் சட்டப் பிரிவைச் சொல்லச் சொல்ல, அதிகாரி தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். அக்காவின் முகம் வெளிறிப் போயிருந்தது.

சுவரருகே போய், தான் அடித்த வெள்ளையை நகத்தால் சுரண்டத் தொடங்கினார். உதிர்ந்த இடத்தில் சேற்றுக்கறை தெரிந்தது. சுரண்டிக்கொண்டே மேலே போனார். கறை முடிகிற கோட்டை எட்ட, அவர் குதிகாலைத் தூக்கிக் கையை நீட்ட வேண்டியிருந்தது.