மருந்துக்கடைக்கு நான் சொன்ன வாழ்த்து

வாசகரே, இதற்கு நீங்களே சாட்சியாக இருங்கள். என் தரப்பை நானே எடுத்துரைத்தால் வென்றுவிடுவேன். அந்தப் பழக்கம் எனக்கு உண்டு.

கோவில்பட்டிக்குக் கிழக்கே, பருத்தி விளைந்த கரிசலை மனைகளாகப் பிரித்து அப்போதுதான் வீடுகள் எழும்பியிருந்தன. மழை பெய்தால் மண் அப்பிக்கொண்டு சைக்கிள் சக்கரம் உருளாது. காய்ச்சல் மாத்திரைக்கும் பேருந்து நிலையம்வரை நடக்க வேண்டும். அந்தக் காலனியில் என் பள்ளித் தோழன் மருந்துக்கடை திறந்தான்.

மேடையேறினால் அவனுக்கு நான்கு சொல் கோவையாக வராது. நானோ மாவட்டப் பேச்சுப் போட்டிகளில் கோப்பைகள் வாங்கியவன். இருந்தும், பட்டயப் படிப்பை முடித்துக் கண்ணாடி அலமாரிகளுக்கு முன்னால் நின்றவன் அவன். வேலை தேடிக்கொண்டிருந்த நான் பந்தல் நாற்காலியில் அமர்ந்திருந்தேன். சட்டமிட்டு மாட்டிய உரிமத்தில் அவன் பெயரைப் படித்தேன். வயிறு எரிந்தது. அவனிடம் இல்லாமல் என்னிடம் இருந்த சொத்து பேச்சு ஒன்றுதான். அதை அந்தக் காலனியின் முன் நிறுவிவிட வேண்டும் என்றுதான் வாழ்த்துரைக்கு இசைந்திருந்தேன்.

ஜவுளிக்கடைத் திறப்பு விழாக்களில் பேசிப் பேசி மெருகேறிய உரை அது. "நாளும் பொழுதும் இங்கே கூட்டம் அலைமோதட்டும். வரிசை தெருமுனையைத் தாண்டி நீளட்டும். இக்கடைப் படியேறாத குடும்பமே இக்காலனியில் இல்லை என்னும் நாள் விரைவில் மலரட்டும்." கைதட்டலுக்கு இடம்விட்டு நிறுத்தினேன். ஒருவரும் தட்டவில்லை.

குழந்தையை மடியில் வைத்திருந்த ஓர் அம்மாள் கேட்டார்: "ஏன் தம்பி, தெருமுனை வரைக்கும் வரிசை நிக்கணும்னா நாங்க எத்தனை பேரு சீக்குல விழணும்?"

பக்கத்திலிருந்த பெரியவர், "பால் காய்ச்சிக் குடிவந்து ஆறு மாசம் ஆகல. அதுக்குள்ள இப்படி வாழ்த்துதாரு" என்றார்.

மறுப்புரைக்கென்றே பரிசு வாங்கிய நான், மைக்கின் கழுத்தைத் திருகிக்கொண்டிருந்தேன்.

தோழன் கடையைவிட்டு இறங்கி வந்தான். மைக்கைத் தொடவில்லை. "அக்கா, அவன் சொன்ன கூட்டம் சோப்பும் பவுடரும் வாங்க வாரவுக. மாத்திரைக்கு நீங்க ஒருத்தரும் வந்துராதீங்க. நான் ஈ ஓட்டிக்கிட்டு இருந்துக்கிடுதேன்" என்றான்.

பந்தல் முழுவதும் சிரிப்பு, பிறகு கைதட்டல். அந்த அம்மாளே முதலில் எழுந்து போய்க் குழந்தை சோப்பு வாங்கினார். மருந்துக்கடையில் முதல் நாள் போணிக்கு மாத்திரை கேட்க யாருக்கும் மனம் வராது. அன்று சீப்பும் பவுடரும் தேங்காயெண்ணெயுமாக விற்றன. ஒவ்வொருவராக அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். கடை அவனுக்கு வாய்த்ததைக்கூடப் பொறுத்திருப்பேன். அந்தக் கைதட்டலை என்னால் பொறுக்க முடியவில்லை.

கூட்டம் கலைந்தபின் கலர் சோடா பாட்டில் ஒன்றை என்னிடம் நீட்டி, "ஏலே, மனசுல வச்சுக்கிடாத. நல்லாத்தான் பேசுன" என்றான். அந்த ஆறுதல் இன்னும் சுட்டது. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தவர்களின் காதிலும் விழும்படி சொன்னேன்:

"எதிர்ல இருக்கவுக மொகத்தப் பாத்து, உன்னைவிட நல்லா ஒரு வார்த்தை பேச வாரது வரைக்கும் நான் மைக்கைத் தொட மாட்டேம்லே."