நடு ரோட்டில் கிடந்த கல்

என் அத்தா சிக்கந்தர், போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றிப் போகும் ஜீப் டிரைவர். பள்ளி விடுமுறை நாட்களில் என்னையும் தங்கை நபீசாவையும் மலைக்குக் கூட்டிப்போவார். இன்ஜின் ஆறுவதற்காக நிறுத்தும் வளைவுகளில் எங்களைக் கல் பொறுக்கச் சொல்வார். ஆளுக்கு ஒரு கல்தான். அது கிடந்த இடத்தையும் சொல்லவேண்டும். பிற்பாடு நிலவியல் படித்த எனக்கு அதுவே முதல் பாடம்.

1977 நவம்பரில், அடைமழை விட்ட மறுநாள் மாலை, நபீசா ஒரு கல்லைக் கொண்டுவந்தாள். ஒரு பக்கம் பாசி; மறுபக்கம் புதிதாக உடைந்து பளபளத்தது.

"ஐய, அம்மிக்கல்லைத் தூக்கிட்டு வர்றா," என்றேன்.

அத்தா சிரிக்கவில்லை. "எங்க கிடந்துச்சும்மா?"

"நடு ரோட்டுல அத்தா."

அவர் அண்ணாந்து பார்த்தார். சரிவிலிருந்து பொடிக்கற்கள் உருண்டுகொண்டிருந்தன. கூலியாட்களுடன் அப்துல் அஜீஸ் மாமாவின் ஜீப் மேலிருந்து இறங்கும் நேரம் அது.

"ரெண்டு பேரும் கீழ்ப்பக்கமா வெரசா நடங்க. எங்கயும் நிக்கக்கூடாது."

தோள்துண்டை உருவிக்கொண்டு மேலே ஓடினார். நாங்கள் அடுத்த வளைவைத் தாண்டியபோது மலை சரியும் சத்தம் கேட்டது.

அன்று இரவு அத்தா வீடு திரும்பவில்லை. மறுநாள் அஜீஸ் மாமா வீட்டுக்கு வந்தார். அவருடைய ஜீப்பில் வந்த எல்லோரும் பிழைத்திருந்தார்கள்.

"எங்களை மறிச்சு நிப்பாட்டிட்டாரு. நில்லுங்க மச்சான்னு கத்துனேன். புள்ளைக தனியாப் போகுதுகன்னு திரும்பி ஓடிட்டாரு."