சிவப்பு எண்ணுக்கு ஒரு பேட்டரி

மோர்க்குழம்புக்குத் தயிர் எவ்வளவு என்று தட்டிக்கொண்டிருந்தபோதுதான் என் கால்குலேட்டர் அணைந்தது. சிவப்பாக ஒளிர்ந்த எண்கள் முதலில் மங்கின. பிறகு ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் நின்றது. அதுவும் போனது. ராத்திரி முழுக்க சார்ஜரில் போட்டு வைத்தேன். காலையில் பார்த்தால் செங்கல் மாதிரி கிடக்கிறது.

நான் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவள். வீடு ஸ்ரீரங்கத்தில். திருச்சியைச் சுற்றி எங்கே பந்தி போட்டாலும் போவேன். அடுப்படி வேலைக்கு ஆட்கள் உண்டு. அளவு போடுவது நான். இத்தனை பேர் என்றால் இத்தனை அரிசி, இத்தனை பருப்பு, இத்தனை புளி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான். ஆனாலும் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவருக்கு ரசம் இல்லை என்று நான் இதுவரை சொன்னது கிடையாது.

அந்தக் கால்குலேட்டர் என் தம்பி வெளிநாட்டு வேலைக்குப் போன புதிதில் கொண்டுவந்து கொடுத்தது. கறுப்புப் பெட்டி. அழுத்தினால் ‘டக்’கென்று உள்ளே போய் வரும் பொத்தான்கள். இப்போது கடையில் கிடைக்கிற கால்குலேட்டர்களில் சாம்பல் கண்ணாடியில் கறுப்பாக எண் வரும். சர்க்கரை கண்ணுக்கு ஏறிய பிறகு அந்தக் கண்ணாடி எனக்கு அரிசி களைந்த தண்ணீர் மாதிரிதான் தெரிகிறது. உள்ளே ஏதோ மிதக்கிறது. எட்டா, மூன்றா என்று சொல்ல முடியாது. சிவப்பு எண் அப்படியில்லை, அது தன் வெளிச்சத்தைத் தானே கொண்டுவருகிறது.

போன் இருக்கிறதே என்பீர்கள். என் மகனும் அதைத்தான் சொன்னான். தோசை அளவுக்கு எண்ணைப் பெரிதாக்கியும் கொடுத்தான். பொய் சொல்ல மாட்டேன், தெரிந்தது. ஆனால் புளி கரைத்த விரலால் அந்த வழவழக் கண்ணாடியைத் தொட்டால் ஆறு அறுபத்தாறாகிறது. துடைத்துவிட்டுத் தொட்டால் ஆறே வருவதில்லை. சரி, வாயால் கேட்டால் பதில் சொல்லும் என்றான். உறையூர் மண்டபத்தில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது உளுந்துக் கணக்கைக் கேட்டேன். மாடியில் இருந்த மாப்பிள்ளை வீட்டார் எட்டிப் பார்க்கும்படி அது பெண் குரலில் பதில் கத்தியது. வடை தட்டிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல் சொன்னார்: “அக்கா, அந்தப் பொண்ணு உங்களவிட நல்லா அதட்டுது. அதையே மேஸ்திரியா வெச்சுக்கலாம்.”

வேடிக்கை அதோடு நிற்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மகன் சொன்னான்: “இனிமே அளவு நான் போடுறேம்மா. நீ பந்தில நின்னு பாத்துக்க. வர்றவங்கள விசாரி.”

அன்பாகத்தான் சொன்னான். அதனால்தான் எனக்குச் சுருக்கென்றது. அடுத்தது ஜீயபுரத்துக் கல்யாணம். அந்த வீட்டு அம்மா அளவு பேச வருவதாகச் சொன்ன நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் இந்தப் பெட்டி எரியவில்லை என்றால் அளவு என் கையை விட்டுப் போகும். ஒரு தடவை போனால் திரும்பி வராது. விசாரிக்கிற வேலைக்கு ஒரு நாற்காலி போடுவார்கள், அதில் உட்கார வேண்டியதுதான். எனக்கு உட்கார இஷ்டமில்லை.

முதுகு மூடியைக் கழற்றினேன். உள்ளே மூன்று செல்லை ஒன்றாகக் கட்டின பேட்டரி. அதன் முனையிலும், அது போய்த் தொடுகிற தகட்டிலும் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. அந்தப் பச்சையை நான் பித்தளை அண்டாவில் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தேன். புளியும் கல்லுப்பும் வைத்து நன்றாகத் தேய்த்தேன். தகடு பளபளத்தது. அண்டா தேய்த்த திருப்தியோடு படுத்தேன். இரண்டே நாளில் முன்பைவிட அதிகமாகப் பச்சை பூத்து, ஒரு மூலையில் தகட்டின் மேல்பூச்சே உரிந்திருந்தது.

“அம்மா, அது குத்துவிளக்கு இல்ல,” என்றான் மகன்.

எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். மெயின்கார்டு கேட்டிலிருந்து சிங்காரத்தோப்பு வரைக்கும் கடை கடையாகக் கேட்டேன். இல்லை என்ற ஒரு சொல்லை நம் ஊர்க்காரர்கள் எத்தனை விதமாகச் சொல்கிறார்கள் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். ஒருவர், “இந்த பேட்டரி செஞ்சவங்களே ரிட்டயர்டு ஆகி வீட்டுல இருப்பாங்க,” என்றார். இன்னொருவர், “இத போட்டோ எடுத்துப் போடுங்கம்மா, நல்லா லைக் விழும்,” என்றார். மூன்றாமவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“போயிடுச்சு.”

“எதுங்க போயிடுச்சு?”

“எல்லாமேதாங்க.”

அந்தப் பதிலை நான் வெகுநாள் வைத்துச் சிரித்தேன். அதற்கு அடுத்த கடையில்தான் சிரிப்பு வரவில்லை. பேட்டரி எதற்கு, நேராக சார்ஜரில் சொருகி ஓட்டிப் பார்க்கலாம் என்று அவர் ஒயரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பேட்டரி இல்லாமல் கரண்டு கொடுத்தால் உள்ளே கருகிவிடும் என்று தம்பி அன்றைக்கே படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். “கைய எடுங்க,” என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் கேட்டது. அவர் எடுத்துவிட்டார்.

கடைசியாக நுழைந்தது டி.வி. ரிமோட்டும் வீட்டு போனும் விற்கிற ஒரு சின்னக் கடை. கடைக்காரருக்கு என் மகன் வயதிருக்கும். அவரும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சுவரில் சரம் சரமாகத் தொங்கிய அட்டைகளில் ஒன்று என் கைக்குப் பட்டது. கண் ஏமாற்றினாலும் கட்டைவிரல் ஏமாற்றாது. பிளாஸ்டிக் உறைக்குள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்த மூன்று செல். என் பெட்டிக்குள் இருந்ததும் அப்படித்தான் படுத்திருந்தது.

“இது என்னங்க?”

“கார்ட்லெஸ் போன் பேட்டரிங்கம்மா. ஒயர் இல்லாம வீட்டுக்குள்ள தூக்கிட்டு நடப்பாங்களே, அதுக்கு.”

பழைய பேட்டரியை எடுத்து மேஜையில் வைத்தேன். “ரெண்டுலயும் வோல்ட் என்ன எழுதியிருக்கு, படிங்க.”

“இதுல மூணு புள்ளி ஆறு.”

“அதுல?”

“அதுவும் மூணு புள்ளி ஆறு. ஆனா இது போனுக்குங்க.”

“நாம போனுக்குள்ள இருக்கோமா, கால்குலேட்டருக்குள்ள இருக்கோமான்னு கரண்டுக்குத் தெரியுமாங்க?”

அவர் சிரித்துவிட்டார். “கரண்டுக்குத் தெரியாதும்மா, எனக்குத் தெரியும். நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என்கிட்டதான் வந்து நிப்பீங்க.”

“நிக்க மாட்டேன்.”

“எல்லாரும் இதே மாதிரிதான் சொல்றாங்க,” என்று சொல்லிக்கொண்டே ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

தகட்டைப் பார்த்ததும் கேட்டார்: “உப்பு போட்டீங்களா?”

“புளியும் உப்பும்.”

“எங்க வீட்டுலயும் ரிமோட்டுக்கு இதே வைத்தியம்தான். புளிப்பு சரிம்மா. உப்புதான் தின்னுடுச்சு. எலுமிச்சம்பழத்தப் பஞ்சுல தொட்டுத் துடைச்சு, ஈரம் இல்லாம காய விட்டிருந்தா போதும்.”

தகட்டை நன்றாகச் சுரண்டினார். பழைய பேட்டரியை வைத்து எது பிளஸ், எது மைனஸ் என்று பார்த்துக்கொண்டார். புதியதன் ஒயர் முனையில் இருந்த சொருகியை வெட்டி எறிந்துவிட்டு, சிவப்பு ஒயரை ஒரு தகட்டிலும் கறுப்பு ஒயரை மற்றதிலும் ஈயம் வைத்துப் பற்றவைத்தார். செல்லின் மேல் சூட்டுக்கோல் படக்கூடாதாம், பட்டால் அது கெட்டுவிடுமாம். எல்லாம் முடிந்து மூடி போடும்போதுதான் தெரிந்தது, புதிய பேட்டரி பழையதைவிடக் குட்டை. உள்ளே கடகடவென்று ஆடியது.

என் பையில் வேறு எது இல்லாவிட்டாலும் கல்யாணப் பத்திரிகை இருக்கும். ஒன்றை எடுத்து நாலாக மடித்து இடுக்கில் செருகினேன். அளவெடுத்தது போல நின்றது.

“யாரு கல்யாணம்மா?”

“முசிறிப் பொண்ணு. போன தை மாசம் ஆச்சு. இப்ப வளைகாப்புக்கும் என்னையே சொல்லியிருக்காங்க.”

“அப்ப ராசியான அட்டைதான்,” என்று சுவிட்சைத் தள்ளினார்.

மேஜைக்கு அடியில் இருந்த இருட்டில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். சிவப்பாக ஒரு பூஜ்யம். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். “பூஜ்யத்தைப் பாத்து இவ்வளவு சந்தோஷப்பட்டவங்கள நான் பாத்ததில்லம்மா,” என்றார் அவர். ராத்திரி முழுக்க சார்ஜ் போட்ட பிறகுதான் தட்ட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். கேட்பவளா நான். காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் பஸ்ஸிலேயே ஒரு சாம்பார் போட்டுப் பார்த்துவிட்டேன்.

மகன் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இது எத்தனை நாளைக்கும்மா?”

“தீர்ந்தா இன்னொண்ணு வாங்குவேன்.”

“அந்த போனையே இப்ப யாரும் வாங்கறதில்ல. நாளைக்கு பேட்டரியும் வராது.”

“வராட்டி வேற எதுலயாவது இருந்து எடுப்பேன். மூணு செல்லுதானேடா. வானத்துலேர்ந்தா எறங்கணும்?”

“இது பிடிவாதம்மா.”

“ஆமா,” என்றேன்.

ஜீயபுரத்து அம்மா சொன்ன நாளில் வந்தார். முற்றத்து வெளிச்சத்தில் சிவப்பு எண் எடுபடாது என்பதால் உள் அறையில் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். மகன் எதிரில் போனைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தான். வந்தவர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஆளு கூடிப்போச்சுங்க. யார்கிட்ட சொல்லணும்?” என்று கேட்டார்.

மகன் வாயைத் திறப்பதற்குள் நான் சுவிட்சைத் தள்ளினேன்.

“என்கிட்ட சொல்லுங்க.”

“ஐந்நூறுன்னு சொல்லியிருந்தோம். மாப்பிள்ளை வீட்டுல இன்னும் நூத்தம்பது கூட்டிட்டாங்க. இலை, வாழக்காய் எல்லாம் நம்ம தோட்டத்துலயே இருக்கு, அத விட்டுடுங்க.”

“அப்ப இலை எண்ணூறா அறுக்கச் சொல்லுங்க. வண்டியில வர்றப்ப கொஞ்சம் கிழியும்.”

ஆறு, ஐந்து, பூஜ்யம், பெருக்கல், ஆளுக்கு நூற்றிருபது கிராம். பொத்தான் ஒவ்வொன்றும் டக், டக்கென்று விரலுக்குப் பதில் சொன்னது. மகன் தன் போனில் ஏதோ தட்டிவிட்டு என் பெட்டியை எட்டிப் பார்த்தான். பார்த்துக்கொள்ளட்டும் என்று பெட்டியை அவன் பக்கம் கொஞ்சம் திருப்பினேன்.

“அரிசி எழுபத்தெட்டு கிலோ,” என்றேன். “மண்ணச்சநல்லூர்ப் பொன்னி, பழசா பாத்து.” பிறகு மகனிடம், “அந்த போன சும்மா கையில வெச்சுக்கிட்டு இருக்காதடா. அதுலயே எழுது.”

அவன் என்னைப் பார்த்தான். ஜீயபுரத்து அம்மாவும் பார்த்தார். பெட்டியில் எழுபத்தெட்டு சிவப்பாக நின்றது. அவன் கட்டைவிரல் கண்ணாடிமேல் மெல்ல ஓடத் தொடங்கியது.

“எழுதிட்டேன்,” என்றான். “அடுத்தது சொல்லு.”