ஷரீப் சார் மாற்றிக் கொடுத்த ஸ்பிரிங்குகள்

போன வியாழக்கிழமை காலை, ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையில் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். ஆபீஸ் உதவியாளர் மாணிக்கம் வாசலில் வந்து நின்றார். எப்போதும் சுற்றறிக்கையோடு வருகிற மனிதர், அன்று வெறும் கையோடு வந்திருந்தார். "சார், வாணியம்பாடியிலேர்ந்து போன் வந்துது. நம்ம ஷரீப் சார் காலைல தவறிட்டாராம். மதியத் தொழுகை முடிஞ்சதும் எடுத்துடுவாங்களாம்" என்றார். கையிலிருந்த சாக்பீஸைக்கூட வைக்காமல் பஸ் நிலையத்துக்கு ஓடினேன்.

திருப்பத்தூரில் இறங்கி அடுத்த பஸ் பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. எல்லாம் முடிந்திருந்தது. ரிடையர் ஆனபின் அவர் தங்கியிருந்தது மகள் வீட்டில். மருமகன்தான் என்னை அடக்கத்தலத்துக்கு அழைத்துப் போனார். ஈர மண்ணைக் காட்டினார். பத்தொன்பது வருடம் ஒரே ஸ்டாஃப் ரூமில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவரின் முகத்தை நான் கடைசியாகப் பார்க்கவில்லை. பாடம் நடத்தியே வயிறு வளர்த்த எனக்கு அங்கே ஒரு வார்த்தை வரவில்லை. வராமல் போனதை, அவருக்காக இங்கே கூடியிருக்கிற, அவரை அறிந்த உங்களிடம் சொல்லிக்கொள்கிறேன்.

அவர் பௌதிக ஆசிரியர், நான் சரித்திரம். "செத்துப்போன ராஜாவுங்களைப் பத்திச் சொல்றது சுலபம் சார், யாரும் வந்து தப்புன்னு சொல்லப்போறதில்ல" என்று என்னைச் சீண்டுவார். எதையும் தான் பட்டுப் பார்க்காமல் பேசமாட்டார். ஒருமுறை கடைசி பெஞ்சுப் பையன்கள் போர்டு தெரியவில்லை என்று புகார் சொன்னார்கள். சோம்பேறிகளின் சாக்கு என்றேன் நான். மறுநாள் அவர் அந்தப் பெஞ்சில் ஒரு பையனுக்கும் இன்னொரு பையனுக்கும் நடுவே இடித்துக்கொண்டு உட்கார்ந்து, என் வகுப்பு முழுவதையும் கேட்டார். மணி அடித்ததும் எழுந்து வந்து, "நிஜமாவே தெரியல சார். உங்க எழுத்தும் கொஞ்சம் சின்னது" என்றார். எனக்கு வந்த கோபம் தணிய இரண்டு நாள் ஆயிற்று.

எண்பத்தாறில் என் மனைவி சரோஜாவுக்கு முதுகெலும்பில் கட்டி என்றார்கள். வேலூர் ஆஸ்பத்திரியில் கரண்ட் வைக்க, அதாவது கதிர் சிகிச்சைக்கு, வாரம் ஒருமுறை போகவேண்டும். பஸ்ஸில் அவளால் உட்கார முடியாது. அப்போது புதிதாக வந்திருந்த சின்னக் கார்களில் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். முன் இருக்கையை நன்றாகச் சாய்த்து அவளைப் படுக்கவைத்துக் கூட்டிப்போவேன்.

இங்கேதான் நான் அந்தத் தவறைச் செய்தேன். தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் மலை சுற்ற வருகிற ஆட்களை வண்டியில் அடைத்து ஓட்டிப் பழகிய ஊர் எங்களுடையது. எட்டுப் பேர் ஏறினாலும் வண்டியின் மூக்கு தாழக்கூடாது என்பது இங்கே ஒரு கௌரவம். அதற்காக முன் சக்கரத்து ஸ்பிரிங்கின் சுருள்களுக்கு நடுவே கெட்டி ரப்பர் துண்டுகளைச் செருகி வைப்பார்கள். என் காரும் முன்பக்கம் தணிந்திருந்தது. பள்ளத்தில் இறங்கினால் தடதடத்தது. நானும் ரப்பர் வைக்கச் சொன்னேன். கார் தலை நிமிர்ந்து நின்றது. சரோஜாவை வாசலுக்கு மெல்ல நடத்திவந்து காட்டினேன். "நல்லா இருக்குதுங்க" என்றாள்.

ஒரு மாதம் கழித்து ஷரீப் சார் அவளைப் பார்க்க வேங்கிக்காலில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். எல்லோரும் கேட்பதுபோல் எப்படி இருக்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. "வண்டியில போறப்போ எங்கெங்க வலிக்குதும்மா?" என்று கேட்டார். அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, மெல்லிய குரலில் சொல்லத் தொடங்கினாள். "போளூர் ரயில்வே கேட்ல ரெண்டு தடவ அண்ணா. அப்புறம் ஒரு பாலம் வரும், ஏறும்போது ஒண்ணு, எறங்கும்போது ஒண்ணு. கண்ணமங்கலம் தாண்டி ஒரு இடம், அங்க மட்டும் உயிர் போயிட்டு வரும்." படுத்தே போனவள், ஜன்னலில் மரக்கிளைகளைத் தவிர எதையும் பார்க்காதவள், ஐம்பது மைல் சாலையையும் வலியை வைத்தே தெரிந்துவைத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிய எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஷரீப் சார் என்னை வெளியே அழைத்தார். அவள் படுக்கும் இருக்கையில் தானே படுத்துக்கொண்டு, "போளூர் கேட் வரைக்கும் போய்ட்டு வாங்க, எப்பவும் ஓட்டற மாதிரியே" என்றார். போய் வந்தோம். இறங்கியதும் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினார். பிறகு முன் சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, உள்ளே கையை விட்டுத் தடவினார்.

"இந்த ரப்பரை யார் சார் வெச்சது?"

"நான்தான் வைக்கச் சொன்னேன். தடதடன்னு இருந்துது."

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "மூக்கு தூக்கி நின்னா நிக்கறவனுக்கு அழகு சார். படுத்துனு வர்றவங்களுக்கு அடி ஜாஸ்தி. ஸ்பிரிங் அமுங்கவே வழியில்ல, அத்தனையும் நேரா உடம்புக்குப் போவுது." உடனே பிடுங்கிப் போடலாம் என்றேன். "அது மட்டும் போதாது. ஸ்பிரிங் தளர்ந்துபோச்சு, ஷாக் அப்சார்பர்ல எண்ணெய் ஒழுகுது. ரெண்டு பக்கமும் புதுசு போடணும்" என்றார். அடுத்த புதன்கிழமை வேலூர் போகவேண்டும். இந்தக் காரைப் பிரித்துப் பழகியவர் அப்போது ஊரில் யாருமில்லை. மெட்ராஸில் விட்டால் இரண்டு வாரம் என்றார்கள். "ரெண்டு வாரம் அந்தம்மா எப்டி போவும்? நாமளே செய்வோம்" என்றார் அவர். மெட்ராஸில் இருந்த பழைய மாணவன் ஒருவனுக்கு டிரங்க் கால் போட்டுப் பேசி, சாமான்களை சனிக்கிழமை பஸ்ஸிலேயே வரவழைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு முற்றத்தில் வேலை நடந்தது. ஜாக்கியில் தூக்கி, அடியில் ரயில்வே கட்டைகளை அடுக்கினோம். சக்கரத்தைக் கழற்றி, பிரேக் குழாயை விடுவித்து, கீழே துருப்பிடித்த இரண்டு போல்ட்டுகளுக்கு மண்ணெண்ணெய் விட்டுக் காத்திருந்தோம். பானெட்டுக்குள் மேல் நட்டுகளை எடுத்ததும் ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒன்றாக அவர் கையில் வந்தன. உச்சியில் இருந்த பெரிய நட்டில் ஸ்பேனரைப் போடப்போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "ஸ்பிரிங்கைக் கட்டிப் போடாம அதை கழட்டுனீங்கன்னா நேரா நெஞ்சுல வந்து நிக்கும் சார். அதுக்குள்ள இருக்கறது கோவம்." லாரி ஷெட்டில் இரவல் வாங்கிய, ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் இரண்டு கொக்கி போல்ட்டுகளை மாட்டி, இந்தப் பக்கம் அரைச் சுற்று, அந்தப் பக்கம் அரைச் சுற்று என்று என்னை முறுக்கவைத்தார். அவசரத்தில் நான் ஒரே பக்கம் இரண்டு சுற்று முறுக்கிவிட, "ராஜா போருக்குக் கிளம்பிட்டாரு" என்றார். வாசலில் நாற்காலி போட்டு, முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்திருந்த சரோஜா சிரித்துவிட்டாள். அவள் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

ரப்பர் துண்டுகள் தரையில் கிடந்தன. பக்கத்துக்கு மூன்று. அவள் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. "நான்தான் உன்னை அடிச்சிருக்கேன் சரோஜா" என்றேன். "தெரியுங்க. அது வெச்சப்புறம்தான் ஜாஸ்தியாச்சு" என்றாள். "ஏன் சொல்லல?" "அவ்ளோ ஆசையா கூட்டினு வந்து காட்டுனீங்க. எப்டி சொல்றது?" ஷரீப் சார் காருக்கு அந்தப் பக்கம் போய், தொலையாத ஒரு நட்டை வெகுநேரம் தேடினார்.

மாலையில் இரண்டு பக்கமும் முடித்து, நூல் பிடித்துச் சக்கரங்களை நேர் பார்த்தார். கையெல்லாம் கிரீஸ். காரின் மூக்கு முன்னைவிடத் தாழ்ந்திருந்தது. மீண்டும் அவரே படுத்துக்கொண்டு போளூர் கேட் வரை போய்வந்தார். "இப்ப கம்மி. வலிக்காதுன்னு சொல்லமாட்டேன், கம்மி" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. பொய்யாக ஆறுதல் சொல்ல அவருக்கு வராது.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு அவரும் எங்களோடு வந்தார். பின் இருக்கையில் உட்கார்ந்து, சரோஜாவின் தலைக்குக் கீழே தலையணையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். போளூர் கேட் வந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு தண்டவாளத்தில் ஏற்றி இறக்கினேன். அவளிடமிருந்து சத்தம் வரவில்லை. பயந்துபோய்த் திரும்பினேன். கண் மூடியிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஷரீப் சார் தலையணையிலிருந்து ஒரு விரலை மட்டும் எடுத்து உதட்டின் மேல் வைத்தார். எனக்குச் சாலை கலங்கித் தெரிந்தது. அந்தப் பாலம் போயிற்று. கண்ணமங்கலம் தாண்டி, உயிர் போய்வரும் என்று அவள் சொன்ன இடமும் போயிற்று. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியபோது, "எழுப்பாதீங்க, சீட்டு நான் வாங்கினு வரேன்" என்று கிசுகிசுத்துவிட்டு, கதவைச் சாத்தினால் சத்தம் வரும் என்று திறந்தபடியே விட்டுவிட்டு வரிசைக்குப் போனார்.

நாலு மாதத்தில் சரோஜா போய்விட்டாள். அந்த நாலு மாதத்தில் வேறொரு நாளும் அவள் அப்படித் தூங்கவில்லை. மருந்து கொடுத்த மயக்கம் உண்டு, அயர்ச்சி உண்டு. தானாக வந்த தூக்கம் அது ஒன்றுதான். இதை நான் ஷரீப் சாரிடம் சொன்னதே இல்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று மூன்று வருடம் அவர் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். வாணியம்பாடிக்குப் போன பஸ்ஸில் அதைத்தான் மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

உங்கள் ஒவ்வொருவரிடமும் அவருடையது ஏதாவது ஒன்று இருக்கும். என்னிடம் இருப்பது இதுதான். போளூர் கேட்டிலிருந்து வேலூர் வரைக்கும் சரோஜா தூங்கினாள்.