மடையனை வரைந்தவர்

கடையின் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோது கைபேசி அடித்தது. ஓவியர் ஓடையின் மனைவி. நான் அவரை அண்ணி என்றுதான் அழைப்பேன்.

"பாத்திமா, அண்ணன் போயிட்டாவ. காப்பி குடிச்சிட்டு நாற்காலில இருந்தாவ. தலை சாஞ்சுட்டு. அவ்வளவுதான்."

அவர் அழவில்லை. "போஸ்டர் நீயே அடிச்சுக் கொண்டு வந்துரு மக்களே. சர்வீஸ்ல உள்ள பேரு போதும். பயலுக்க வேலையும் அதுலதான் நிக்குது" என்றார். சரி அண்ணி என்றேன். ஷட்டரைத் திரும்ப இறக்கிவிட்டு, உள்ளே தனியாக உட்கார்ந்து அதைத் தட்டச்சு செய்தேன்.

'மடையன்' சித்திரக்கதையை வாசித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்கு அவர், பக்கத்தின் மூலையில் 'ஓடை' என்று இருக்கும் சின்னக் கையெழுத்து மட்டுமே. அவர் முகத்தையோ ஊரையோ நாங்கள் அச்சிட்டதில்லை. இங்கும் அவருடைய மற்றப் பெயர்களை எழுதப்போவதில்லை. சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அண்ணிக்குப் படித்துக் காட்டி, அவர் தலையாட்டிய பிறகே வெளியிடுகிறேன்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, ரெக்சின் பை ஒன்றுடன் குளச்சலில் உள்ள என் கடைக்கு வந்தார். கல்யாணப் பத்திரிகையும் மனுக்களும் அடித்துக் கொடுக்கும் சிறிய கடை அது. பைக்குள் மையால் வரைந்த படங்கள் இருந்தன. ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். மலையோரத்து ஊர் ஒன்றில், அரசு அலுவலகத்தில் நில வரைபடம் வரைகிற வேலை அவருக்கு. இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார்.

"உங்க ஊர்ல ஸ்கேன் எடுக்கக் கடை இல்லையா அண்ணாச்சி?"

"இருக்கு. அங்க எல்லாவனுக்கும் என்னைத் தெரியும்."

படங்களில் ஒருவன் குளத்துக்கு அடியில் மடைக்கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தான். பகலில் அவன் முருகேசன், அலுவலகத்தில் கோப்பு சுமப்பவன். மழை முற்றிக் கரை உடையப்போகும் நேரத்தில் முங்கி மடையைத் திறந்து ஊரைக் காப்பாற்றுவான். ஒரு மணி நேரம் நீருக்குள் மூச்சடக்க அவனால் முடியும். அந்த வலு அவனுடைய முப்பாட்டன்மாரிடமிருந்து வந்தது. ஊருக்காகக் குளம் வெட்டி, மடை திறந்து, அதே குளத்தில் ஒரு குடம் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று விரட்டப்பட்டவர்கள் அவர்கள்.

"மடையன்னு பேரு வச்சா பிள்ளைய சிரிக்குமே" என்றேன்.

"சிரிக்கட்டும். சிரிச்சு முடிச்ச பொறவு, மடை திறக்கவனுக்கு வேற என்ன பேருன்னு யோசிக்கட்டும்."

கோடுதான் தனக்கு வரும், பேச்சு வராது என்றார். அன்றே நான் வசனம் எழுதத் தொடங்கினேன். என் கடையிலேயே அச்சிட்டு, கருப்பு வெள்ளையில் வெளியிட்டோம்.

மூன்றாவது இதழுக்கான படங்களில் ஒரு புதிய விஷயம் இருந்தது. மடையன் முங்குவதற்கு முன் அவன் அம்மா அவனை 'யோனா' என்று கூப்பிடுகிறாள். அவன் கரையில் நின்று சின்னதாக ஜெபம் செய்கிறான். மீனின் வயிற்றிலிருந்து கடவுளைக் கூப்பிட்ட யோனாவை எங்களுக்கு யூனுஸ் நபியாகத் தெரியும். அதைச் சொன்னதும், "அப்போ உனக்கும் வேண்டப்பட்ட ஆளுதான்" என்று சிரித்தார்.

"மத்த நாயகன்மாருக்கெல்லாம் முகமூடி இருக்கு. இவனுக்கு மட்டும் எதுக்கு ரெண்டு பேரு?" என்று கேட்டேன்.

அவர் வாசலைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். பட்டியல் சாதியில் பிறந்தவர் கிறிஸ்தவர் என்று பதிவானால் சட்டப்படி அந்த ஒதுக்கீடு போய்விடும். அதனால் அவருடைய அப்பா பள்ளிக்கூடத்தில் ஓர் இந்துப் பெயரைக் கொடுத்தார். ஞானஸ்நானத்தில் வேறொரு பெயர். முதல் பெயரால் படித்து, முதல் பெயரால் வேலைக்கு வந்து, அந்தப் பெயராகவே அலுவலகக் குடியிருப்பில் வாழ்ந்தார். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஆலயத்துக்குப் போனதில்லை.

"முகமூடின்னா தூங்கும்போது கழட்டி வச்சுக்கலாம்" என்றார். "பேரு அப்படி இல்ல. ராத்திரி சொப்பனத்துல யாராவது கூப்பிட்டாலும், எந்தப் பேருன்னு பாத்துட்டுத்தான் திரும்புவேன்."

கிறிஸ்துமஸ் அன்று அவர் தெருவில் வீட்டுக்கு வீடு நட்சத்திரம் தொங்கும். அவர் வீட்டில் தொங்காது. காலையிலேயே பேருந்து ஏறி என் கடைக்கு வந்துவிடுவார். ஒரு மூலையில் உட்கார்ந்து மாலைவரை வரைவார். மதியம் என் வீட்டிலிருந்து வரும் சோற்றைப் பங்கு போட்டுக்கொள்வோம். அந்த நாளைப் பற்றி அவரும் பேசமாட்டார், நானும் பேசமாட்டேன்.

சென்னையில் ஒரு பதிப்பாளர் எங்கள் இதழ்களைப் பார்த்துவிட்டு, மடையனை முழு வண்ணத்தில் கொண்டுவர விரும்பினார். ஜெபம் வேண்டாம், முப்பாட்டன் கதை வேண்டாம், இரண்டாவது பெயர் வேண்டாம். நல்ல முகமூடி ஒன்று போதும் என்றார். ஓடை மறுப்பார் என்று நினைத்தேன். அவர் ஒப்புக்கொண்டார். "நாலு பிள்ளைய கையில போய்ச் சேரட்டுமே" என்றார். இரண்டு வாரம் கழித்து ஆறு பக்கங்களைக் கொண்டுவந்து என் மேசையில் பரப்பினார். அழகான படங்கள். அவர் முகத்தில்தான் இரத்தம் இல்லை.

"ஜெபம் இல்லாம இவன் முங்குனா மூச்சு தாங்காது பாத்திமா. நான் வரைஞ்சு பாத்துட்டேன். செத்துப்போவான்."

அன்றே மறுத்துக் கடிதம் அனுப்பச் சொன்னார். எனக்கு ஆத்திரம். அந்த வண்ணப் புத்தகத்தில் என் வசனமும் இருந்திருக்கும். அதை ஒளித்துக்கொண்டு வேறொன்றைக் கேட்டேன்.

"காகிதத்துல இருக்கவனுக்கு மட்டும் இவ்வளவு ரோஷமா? நான் தலையில துணி போட்டுட்டுத்தான் தெருவுல நடக்கேன். நீங்க மட்டும் எதுக்கு இப்படிப் பயப்படுதிய?"

அவர் படங்களை அடுக்கிப் பைக்குள் வைத்தார், போனார். நான்கு மாதம் வரவில்லை. நான் கூப்பிட்டும் எடுக்கவில்லை.

பிறகு தபாலில் அடுத்த இதழின் பக்கங்கள் வந்தன. ஒரு படக்கட்டத்தில் பக்கத்து வீட்டுப் பெண் முருகேசனிடம், "நீ மட்டும் ஏன் பயப்படுகிறாய்?" என்று கேட்கிறாள். அந்தக் கேள்வியை அவரே தன் கையால் எழுதியிருந்தார். முருகேசனின் வாய்க்கு மேலே பெரிய வசனக் குமிழ். அதில் ஒன்றும் இல்லை. பின்னால் பென்சிலில், 'பதிலை நீ எழுது' என்று இருந்தது.

மூன்று நாள் முயன்றேன். பிள்ளைகளுக்காக என்று எழுதினேன், அழித்தேன். எனக்குப் பயமில்லை என்று எழுதினேன், அதையும் அழித்தேன். கடைசியில் குமிழை வெறுமையாகவே விட்டு அச்சிட்டேன். அச்சுப் பிழை என்று பலர் எழுதினீர்கள். பிழை இல்லை. இதழ் தன் கைக்கு வந்ததும் அவர் நேரில் வந்தார். அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் வரல்ல. அதான் உனக்கு அனுப்பினேன்" என்றார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "டீ சொல்லு" என்றார்.

ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, தன்னை யாரும் அறியாத ஒரு கடற்கரை ஊரின் ஆலயத்துக்குப் போயிருக்கிறார். மதியம் வெயிலில் என் கடைக்கு வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. "பாட்டு ஒண்ணும் மறக்கல்ல பாத்திமா. ஒரு வரி கூட!" என்றார். சற்று நேரத்தில் அந்த மலர்ச்சி வடிந்தது.

"ஆராதனை முடியப்போகும்போது, புதுசா வந்தவங்க எழும்பிப் பேரைச் சொல்லுங்கன்னாரு போதகர்."

"சொன்னியளா?"

"எழும்பல்ல. எதைச் சொன்னாலும் பாதிதானே பேரு."

மறுபடி அவர் அங்கே போகவில்லை.

போஸ்டருடன் நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் அண்ணியும் மகனும் அண்ணியின் தங்கையும்தான் இருந்தார்கள். அண்ணி என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். சன்னல்கள் ஏற்கெனவே மூடியிருந்தன. மூன்று பேரும் அவரைச் சுற்றி நின்று, அண்டை வீட்டுக்குக் கேட்காத குரலில் பாடினார்கள். எனக்கு அந்தப் பாட்டுத் தெரியாது. தலை குனிந்து நின்றேன். பாட்டு முடிந்ததும் அண்ணி குனிந்து, அவர் காதருகே அந்த ஞானஸ்நானப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று எழுப்புவதைப் போல மூன்று முறை கூப்பிட்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார்.

தெரு உள்ளே வந்தது. பழைய அலுவலகத்தார் மாலை கொண்டுவந்தார்கள். தங்கமான மனிதர், ஒரு வம்புக்கும் போனதில்லை என்றார்கள். அவர் படம் வரைவார் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. எத்தனையோ பிள்ளைகள் அவர் வரைந்தவனை நெஞ்சில் வைத்திருக்கிறார்கள் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அப்போது ஒரு பெரியவர் என் பக்கம் திரும்பி, "நீங்க யாரும்மா, தெரியல்லியே?" என்று கேட்டார்.

"போஸ்டர் அடிச்சுக் கொண்டு வந்தேன்" என்றேன்.

சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டேன்.

'மடையன்' இதழ் இனி வராது. அவனை வேறொரு கையால் வரையச் சொல்ல எனக்கு மனமில்லை. பயப்படுகிறவன் கோழை என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். பயத்தோடேயே தினமும் அலுவலகம் போய், பிள்ளையைப் படிக்கவைத்து, ஒளிந்திருந்து ஒரு வீரனையும் உண்டாக்கிய ஒருவரோடு பதினைந்து ஆண்டுகள் பழகிய பிறகு அந்த நினைப்பு என்னிடம் இல்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். மனு எழுத வருகிறவர்களிடம் இப்போதும் முதலில் பெயரைத்தான் கேட்கிறேன். யாராவது சொல்லத் தயங்கினால், விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருக்கிறேன்.