காளிராஜ் அண்ணாச்சி அடக்கிய ஒரு சத்தம்

செவ்வாய்க்கிழமை இரண்டாவது வகுப்பை முடித்துவிட்டு ஆசிரியர் அறைக்கு வந்தபோது, என் கைபேசியில் நம் டிரம்மர் சேவியரின் ஆறு அழைப்புகள் தவறியிருந்தன. ஏதோ நிகழ்ச்சியின் தேதி மாறியிருக்கும் என்று நினைத்துத்தான் திருப்பி அழைத்தேன். "டீச்சர், நம்ம காளிராஜ் அண்ணாச்சி... காலையில அச்சாபீஸ்ல கரண்டு பேனல் முன்னால உக்காந்தவரு அப்படியே சாஞ்சுட்டாராம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றார். என் மேசைக்கு அடியில் பை இருந்தது. அதற்குள், கிட்டாரின் குரலை மாற்ற அவர் எனக்குச் செய்து கொடுத்த சின்ன இரும்புப் பெட்டி. வயர் செருகுகிற இடம் ஆடுகிறது, சாயங்காலம் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று முந்தின நாள்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். "வாங்க டீச்சர், ரெண்டு நிமிச வேலை" என்றிருந்தார். மூன்றாவது வகுப்புக்கு மணி அடித்தது. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

உங்களில் பலருக்கு அவர் நம் மெல்லிசைக் குழுவில் சவுண்ட் மிக்சருக்குப் பின்னால் நின்ற மனிதர். வாரநாட்களில் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் எலெக்ட்ரீசியன். பன்னிரண்டு வருடம் நம்மோடு வந்தார். அதில் ஒரு நாளாவது நாம் என்ன பாட்டு வாசிக்கிறோம் என்று அவர் கவனித்ததாக எனக்கு நினைவில்லை. ஒருமுறை திருமண வரவேற்பு ஒன்றில் நான் மிகவும் பாடுபட்டுப் பழகியிருந்த ஓர் இடையிசையை வாசித்துவிட்டு, ஆசையோடு அவரிடம் போய், "எப்படி இருந்துச்சு அண்ணாச்சி?" என்று கேட்டேன். "அருமை டீச்சர். ஹம்மே இல்ல" என்றார். ஸ்பீக்கரில் இரைச்சல் இல்லை என்பதுதான் அவர் வாயிலிருந்து வரக்கூடிய ஆகப் பெரிய பாராட்டு. நாளாக ஆக அதற்கே நான் ஏங்க ஆரம்பித்தேன்.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் காலடியில் கிடக்கும். மேலே இருக்கும் பித்தானை மிதித்தால் கிட்டாரின் குரல் கரகரப்பாக மாறும். இன்னொரு முறை மிதித்தால் பழைய குரல் வந்துவிடும். கடையில் கிடைப்பதை வாங்க இருந்தவளை, "நான் கட்டித் தாரேன்" என்று தடுத்தவர் அவர்தான். சுவிட்ச்போர்டுக்கான இரும்புப் பெட்டி, பழைய டிவிகளிலிருந்து கழற்றிய உதிரிகள். அடித்தகட்டுக்கு அச்சகத்தில் காலண்டர் அச்சடித்துத் தேய்ந்துபோன அலுமினியத் தகடு ஒன்றை வெட்டிப் போட்டிருந்தார். பெட்டியைக் கவிழ்த்தால் ஏதோ ஒரு வருடத்து ஆடி மாதத் தேதிகள் மங்கலாக இன்னும் தெரியும்.

பெட்டியில் ஒரு குறை இருந்தது. பித்தானை மிதிக்கும்போது டப்பென்று ஒரு சத்தம். முதல் மிதியில் பெரிதாக வரும், அடுத்தடுத்து மிதித்தால் அடங்கும். வீட்டில் பழகும்போது அதை நான் பொருட்படுத்தவில்லை. அவரும், "சின்ன டப்புதான், பாத்துக்கிடலாம்" என்று விட்டுவிட்டார்.

அந்த வருடப் பங்குனியில் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கிராமத்தில் அம்மன் கோயில் பொங்கல். மாலை நான்கு மணி இருக்கும். கோயில் முன்னால் பெண்கள் வரிசையாகப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்குள் லீவுதான் என்றாலும், சீசன் ஆர்டர் என்று சிலர் சுற்றியுள்ள பட்டாசு யூனிட்டுகளுக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். மேடையில் எங்களுக்குச் சவுண்ட் செக். ஆளுயரப் பெரிய ஸ்பீக்கர்கள் எட்டு. நான் முதல் முறையாகப் பித்தானை மிதித்தேன். வீட்டில் டப்பென்று கேட்டது, அந்த ஸ்பீக்கர்களில் டொம் என்று ஒரே ஓர் அடியாக, தூரத்தில் எங்கோ விழுந்ததுபோலக் கேட்டது.

அத்தனை பெண்களும் எழுந்தார்கள். ஒருவர்கூட மேடையைப் பார்க்கவில்லை. எல்லோருடைய முகமும் கிழக்கே, யூனிட்டுகள் இருக்கிற பக்கம் திரும்பியது. "எந்தப் பக்கம்லே? புகை தெரியுதா?" என்று யாரோ கத்தினார்கள். பச்சைச் சேலை கட்டிய ஓர் அம்மா பொங்கல் பானையைத் தட்டிவிட்டுக்கொண்டு, வெறுங்காலோடு, போனைக் காதில் வைத்தபடி ரோட்டுக்கு ஓடினார். அவருடைய மகள் அன்றைக்கு வேலைக்குப் போயிருந்தாள். சத்தம் மேடையிலிருந்துதான் என்று நாங்கள் மைக்கில் சொன்னது அவர் காதில் விழவே இல்லை. மகள் போனை எடுக்கும்வரை பத்து நிமிடம் அவர் ரோட்டிலேயே நின்றார். திரும்பி வந்தபோது குதிகாலில் ரத்தம். "ஏ தாயி, கிட்டார் வாசிக்க வந்தீகளா, எங்க உசிரை எடுக்க வந்தீகளா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டு, மண்ணில் கொட்டிக் கிடந்த பொங்கலை அள்ள உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

வேனில் திரும்பும்போது சேவியர் என்னைத் தேற்றுவதற்காக, "விடுங்க டீச்சர், காலையிலருந்து வெடி போட்டுக்கிட்டுத்தான இருக்காங்க, இந்தச் சத்தத்துக்கா இப்படி?" என்றார். முன் சீட்டிலிருந்து காளிராஜ் அண்ணாச்சி திரும்பினார். "கண்ணு முன்னால வெடிச்சா அது வெடி. எங்க வெடிச்சதுன்னு தெரியலைன்னா, அது நம்ம வீட்டு ஆளு" என்றார். பிறகு என்னிடம், "மிதிச்சதுதான் நீங்க டீச்சர். சத்தத்தை உள்ள வச்சு அடைச்சது நானு. ஞாயித்துக்கிழமை பெட்டியைக் கொண்டாங்க" என்றார்.

நாரணாபுரத்தில் அவர் வீடு. முன்னறையில் அவருடைய மேசை. உள்ளறையில் அவர் மனைவி பேச்சி தரையில் உட்கார்ந்து பலகாரக் கடைகளுக்குக் காகிதப் பை ஒட்டிக்கொண்டிருப்பார். நான் பித்தானை மிதிக்க, அண்ணாச்சி பெட்டியைத் திறந்து வைத்துக் குறையைத் தேடினார். "போக வழியில்லாம அடைஞ்சு கிடக்குற மின்சாரம் டீச்சர். நீங்க மிதிச்சதும் கதவு தொறந்த மாதிரி மொத்தமா பாயுது. ஊசிமுனை அளவு வழி விட்டு வச்சா அது பாட்டுக்கு வடிஞ்சிரும்" என்று, உள்ளே வரும் பக்கத்திலும் வெளியே போகும் பக்கத்திலும் தலா ஒரு பெரிய ரெசிஸ்டரை எர்த்தோடு இணைத்துப் பற்றவைத்தார். சத்தம் பாதியானது. அடுத்து, பித்தானோடு சேர்ந்து எரியும் சிவப்பு விளக்கைக் கழற்றிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் குறைந்தது. அந்த விளக்கு மெல்ல எரியும்படி மாற்றினார். இரண்டாவது ஞாயிறு எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "சரியாப் போச்சு அண்ணாச்சி" என்றேன்.

"இல்ல. இன்னும் இருக்கு" என்றார். அவர் ஸ்பீக்கர் பக்கமே திரும்பவில்லை, உள்ளறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொருக்கா மிதிங்க." மிதித்தேன். பசை தடவிக்கொண்டிருந்த பேச்சியின் கை ஒரு நொடி நின்றது. பிறகு ஓடியது.

காரணத்தை அண்ணாச்சி தாழ்ந்த குரலில் சொன்னார். பல வருடங்களுக்கு முன் பேச்சியின் அக்கா ஒரு யூனிட் விபத்தில் இறந்துபோனார். அன்றைக்குப் பேச்சி வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். தூரத்தில் டொம் என்று கேட்டதும், எங்கேயோ என்று நினைத்து, மிச்ச அரிசியையும் புடைத்துவிட்டுத்தான் எழுந்தார். அதிலிருந்து எந்தச் சத்தத்துக்கும் அவர் கை தானாக நின்றுவிடும். ஸ்பீக்கர் கட்டிய எந்த விசேஷத்துக்கும் அவர் போவதில்லை. கணவர் இத்தனை வருடம் நின்ற மிக்சரை ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. "ஒரு தடவையாவது வந்து உக்காரணும்னு எனக்கு ஆசை டீச்சர். மீட்டர் பொய் சொல்லும். அவ கை பொய் சொல்லாது."

பேச்சிக்குத் தெரியாமல் அவரை வைத்துச் சோதிப்பது எனக்கு உறுத்தியது. வாய்திறக்கும் முன் உள்ளிருந்து குரல் வந்தது. "எனக்குத் தெரியாதாக்கும்? ரெண்டு வாரமா பெட்டியை மிதிக்கிறதும் என் கையைப் பாக்குறதும்! குப்பையில பொறுக்குன சாமானை வச்சுக் கட்டுனா அப்படித்தான் கத்தும். கேட்டுக்கோங்க டீச்சர், புதுசு வாங்கச் சொன்னா இந்த மனுசருக்குக் கௌரவம் கொறஞ்சிரும்."

பேச்சி சொன்னது உண்மையாகவே இருந்தது. டிவியிலிருந்து கழற்றிய பழைய கெபாசிட்டர் ஒன்றில் மின்சாரம் கசிந்துகொண்டிருந்தது. மீட்டரின் மிகச் சின்ன அளவில் வைத்தபோதுதான் முள் லேசாக அசைந்தது. பழைய சாமானில் குறை சொன்னால் கோபித்துக்கொள்கிற மனிதர், அன்றைக்கு உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் புதியது வாங்கிவந்து மாற்றினார். நான் பத்து முறை மிதித்தேன். பேச்சியின் கை நிற்கவில்லை. பதினோராவது முறை அவரே, "போதும் டீச்சர், காலு வலிக்கப் போகுது. சாப்பிட்டீகளா?" என்றார்.

அடுத்த பங்குனியில் அதே ஊரில் பேச்சி வந்து, கடைசி வரிசையில், எழுந்து போக வசதியாக ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கடைசிவரை எழவில்லை. வேனில் நான் எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "பாட்டு சுமார்தான்" என்றார். முன் சீட்டில் அண்ணாச்சி சிரித்துக்கொண்டே இருந்தார். அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அண்ணாச்சியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் நாரணாபுரத்துக்குப் போனேன். பெட்டியைப் பேச்சியிடமே கொடுத்துவிடலாம் என்று எண்ணியிருந்தேன். ஒட்டாத காகிதம் கட்டுக்கட்டாக அப்படியே கிடந்தது. அவர் கைகள் மடியில் சும்மா இருந்தன. "எனக்கு எதுக்கு டீச்சர் இது? ஒருக்கா மிதிங்க, கேப்போம்" என்றார். மேசையில் இருந்த சிறிய ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, ஆடிய வயரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மிதித்தேன். ஒரு சத்தமும் இல்லை.

பேச்சி பெட்டியைப் பார்த்தார். "இன்னைக்கு ஒரு டப்பு கேட்டிருந்தாத் தேவல" என்றார். "'இன்னும் இருக்கு'ன்னு சொல்லிக்கிட்டு அவுக ஓடியாந்திருப்பாக."

பிறகு எழுந்துபோய், மேசை இழுப்பறையில் தேடாமல் கையை விட்டு, சரியான ஸ்பானரை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார். "ஆடுறதை முறுக்கிட்டுப் போங்க. ரெண்டு நிமிச வேலைன்னு சொன்னாகளாமே." அண்ணாச்சியின் நாற்காலியில் உட்கார்ந்து முறுக்கினேன். பேச்சி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டி இப்போதும் என் காலடியில்தான் இருக்கிறது. சவுண்ட் செக்கில் முதல் மிதிக்கு முன், கூட்டத்தில் பூக்கட்டுகிற ஒரு கையையோ பிள்ளைக்குத் தலைவாருகிற ஒரு கையையோ தேடிப் பிடித்துக்கொள்கிறேன். அதைப் பார்த்துக்கொண்டே மிதிக்கிறேன். கை நிற்காமல் ஓடினால் சேவியரைப் பார்த்துத் தலையசைப்பேன். அதன்பிறகுதான் பாட்டு. அண்ணாச்சியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு பார்வையை.