எட்டுப் பெண்கள், ஒரு கயிறு

போன ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் டவுன்ஷிப் பிளாக்கிலிருக்கும் சமுதாயக் கூடத்தின் சாவி என் கைக்கு வந்தது. அதுவரை அங்கே இளைஞர் குழுவை நடத்திக்கொண்டிருந்த அண்ணனுக்கு வேறு மாநிலத்துக்கு மாற்றல் ஆகிவிட்டது. "ரெண்டே வாரம்மா. வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் பார்த்துக்கோ" என்று சாவியோடு ஒரு விசிலையும் கொடுத்துவிட்டுப் போனார். வேறு ஆள் கிடைக்கவில்லை. யாரும் தேடவே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எனக்கு முப்பத்தொரு வயது. டவுன்ஷிப்பை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வாரத்தில் ஆறு நாள் ஊசியும் குப்பியுமாகப் போய்விடும். மிச்சமிருந்த ஒரே ஒரு நாளை, பதிமூன்றிலிருந்து பதினேழு வயதுக்குள் இருந்த இருபது பிள்ளைகளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் கணவர் மைன்ஸில், நிலக்கரிச் சுரங்கத்தில், ஷிப்ட் வேலை பார்ப்பவர். ஞாயிறு காலையில் நான் செருப்பு மாட்டுவதைப் பார்த்து, "உனக்கும் ஷிப்ட் போட்டுட்டாங்களா?" என்று கேட்பார்.

முதல் வாரம் ஒரு நோட்டு நிறைய எழுதிக்கொண்டு போனேன். தன்னம்பிக்கை, இலக்கு, நேரத்தைச் சரியாகப் பயன்படுத்துவது எப்படி. பத்து நிமிஷம் பேசியிருப்பேன். ஒரு பையன் தூங்கிவிட்டான். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒல்லியான பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். நிரந்தர ஊழியர்களுக்கான குவார்ட்டர்ஸில் இருப்பவள், பத்தாம் வகுப்பு, வாய் கொஞ்சம் நீளம்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா?"

எனக்கு ஒரே சந்தோஷம். "கேளும்மா" என்றேன்.

"இது எப்ப முடியும்?"

கூடமே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து, அடுத்த வாரம் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். யாரிடம் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.

நாலாவது வாரம் மழை. வெளியே போக முடியாமல், கூடத்தின் பின்னறையைச் சுத்தம் செய்யலாம் என்றேன். உடைந்த கேரம் போர்டுகளுக்கும் கிழிந்த வலைகளுக்கும் அடியில் மணிக்கட்டுத் தடிமனில் ஒரு கயிறு சுருண்டு கிடந்தது. ஒரு பையன் அதன் ஒரு முனையைப் பிடித்து இழுத்தான். மறுமுனையை அந்த ஒல்லிப் பெண் பிடித்துக்கொண்டாள். "ஏய், விட்றாதீங்கடி!" என்று அவள் கத்தியதும் நாலைந்து பெண்கள் பின்னால் சேர்ந்தார்கள். மழை தூறலாகியிருந்தது. பத்து நிமிஷத்தில் மொத்தக் கூட்டமும் வெளியே செம்மண் சேற்றில் நின்றது.

ஏழு பையன்கள் ஒரு பக்கம், ஏழு பெண்கள் ஒரு பக்கம். நாலு தடவையும் பையன்கள் ஜெயித்தார்கள். ஐந்தாவது தடவை, வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி கீழே இறங்கினாள். மந்தாரக்குப்பத்தில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கும் ஒரு பாயின் மகள். நல்ல உயரம், நல்ல உடம்பு. வந்த நாளிலிருந்து துப்பட்டாவை இறுக்கிப் போர்த்திக்கொண்டு கடைசி வரிசையிலேயே உட்காருவாள். அவள் குரலைக்கூட நான் கேட்டதில்லை. அவள் போய்க் கயிற்றின் கடைசி முனையைப் பிடித்தாள். குதிகாலை மண்ணில் அழுத்தினாள். அப்படியே பின்பக்கம் சாய்ந்தாள், அவ்வளவுதான். ஏழு பையன்களும் வழுக்கிக்கொண்டு முன்னால் வந்து, ஒருவன்மேல் ஒருவன் விழுந்தார்கள்.

பெண்கள் போட்ட கூச்சலில் எதிர் வரிசைக் குவார்ட்டர்ஸ் ஜன்னல்கள் திறந்தன. நான் எதற்கென்றே தெரியாமல் விசிலை ஊதிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு யாரும் எப்போது முடியும் என்று கேட்கவில்லை. நான்தான் விரட்டி அனுப்ப வேண்டியிருந்தது.

பொங்கலுக்கு டவுன்ஷிப் மைதானத்தில் விளையாட்டுப் போட்டி நடக்கும். பெண்களுக்கான கயிறு இழுக்கும் போட்டியில் எந்த வயதுக்காரர்களும் சேரலாம், எட்டுப் பேர் கொண்ட அணி. பிள்ளைகள் என்னைக் கேட்கவில்லை, அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். ஆனால் கடைசி முனைக்கு அந்தப் பெண் வரமாட்டேன் என்றாள்.

ஒருநாள் வேலை முடிந்து அவர்கள் கடைக்கே போனேன். அவள் அப்பா வாளிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் சம்மதிக்கமாட்டார் என்று நானாக நினைத்து, வழியெல்லாம் பதில்களை யோசித்துக்கொண்டு போயிருந்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"எந்தக் கயித்துலங்க இழுக்கிறாங்க?"

"ஹால்ல பழசு ஒண்ணு கெடந்தது பாய்."

"கெடந்ததா?" வாளியைக் கீழே வைத்துவிட்டார். "எத்தினி வருஷமா மழையில ஊறிகினு கெடந்துச்சோ. நடுவுல அறுந்தா புள்ளைங்க மண்ட ஒடைஞ்சிடும்ங்க. அதத் தொடாதீங்க. நைலானும் வேணாம், கையக் கிழிச்சிடும். நல்ல பருத்திக் கயிறா நானே வரவழைச்சுத் தரேன்."

மகள் கல்லாப் பக்கம் நின்றிருந்தாள். "எல்லாரும் என்னையே பார்ப்பாங்க அக்கா" என்றாள் மெதுவாக.

பார்க்கமாட்டார்கள் என்று என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "ஆமா, பார்ப்பாங்க" என்றேன். "பையனுங்க விழுந்த அன்னைக்கும் உன்னைத்தான் பார்த்தாங்க. அன்னைக்கு எப்படி இருந்துச்சு?"

அவள் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை புதுக் கயிற்றைத் தோளில் சுமந்துகொண்டு அவளே வந்தாள்.

மார்கழி முழுக்கத் தினமும், நான் வேலைக்குக் கிளம்புமுன் பயிற்சி. காலைப் பனியில் எதிரில் நிற்பவர் முகம் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். செல்போனில் வீடியோக்கள் பார்த்து நானும் அவர்களோடு சேர்ந்தே கற்றேன். கையால் இழுக்கக் கூடாது, உடம்பைச் சாய்த்துக் காலால் தள்ள வேண்டும். எட்டுப் பேரும் ஒரே நொடியில் அடி வைக்க வேண்டும். ஒல்லிப் பெண்ணின் குரல்தான் பெரிது, அதனால் அவளே முன்னால் நின்று "ஹேய்... ஹோ!" என்று கணக்குக் கொடுத்தாள்.

போட்டிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது எல்லாவற்றையும் நானே கெடுத்தேன்.

அன்றைக்குப் பையன்களிடம் மூன்று முறை தோற்றிருந்தார்கள். மூன்றாவது இடத்தில் நின்ற பெண் ரப்பர் செருப்போடு வழுக்கி விழுந்தாள். அவள் அப்பா சுரங்கத்தில் நிரந்தரமில்லாத கான்ட்ராக்ட் தொழிலாளி. ஒல்லிப் பெண் திரும்பிப் பார்த்து, "ஷூ கூட வாங்க முடியாதவங்கள டீம்ல போட்டா இப்படித்தான்" என்றாள்.

என் அப்பாவும் கான்ட்ராக்டில்தான் இருந்தார். அந்த வார்த்தை எங்கேயோ போய்க் குத்தியது. "வெளிய போ" என்று கத்தினேன். "இனிமே இந்தப் பக்கமே வராத. உன்ன மாதிரி ஒருத்தி இங்க வேணாம்." அவள் முகம் வெளுத்துவிட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் அவளுடைய தோழிகள் மூன்று பேரும் வரவில்லை. அவள் அம்மா போன் செய்து, "என் பொண்ண பேசறதுக்கு நீங்க யாருங்க?" என்று கேட்டார். சம்பளம் இல்லை, பதவி இல்லை, யார் நான்?

இரண்டு நாள் கழித்து, செருப்பு வழுக்கி விழுந்தாளே, அந்தப் பெண் பரிசோதனை நிலையத்துக்கு வந்தாள். பள்ளிச் சீருடையோடு வாசலில் நின்றுகொண்டே சொன்னாள்:

"அக்கா, அவ சொன்னது தப்புதான். எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஆனா அவ சொன்னது ஒரே வார்த்த. நீங்க அவள தொரத்தியே வுட்டீங்க. நானு இன்னா செய்யறது? எல்லாம் என்னாலதான் ஒடைஞ்சி போச்சுன்னு பேசிகினு இருக்காங்க."

அன்று மாலையே ஒல்லிப் பெண்ணின் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று வண்டியில் போகும்போதே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவள் அம்மா உட்காரச் சொல்லவில்லை. பெண் கதவருகே நின்றாள்.

"நான் உன்ன அப்படி விரட்டியிருக்கக் கூடாதும்மா. மன்னிச்சிடு."

"எல்லார் முன்னாடியும்தானே திட்டினீங்க?" என்றாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "அங்கயே வந்து சொல்லுங்க."

எனக்குச் சுருக்கென்றது. பதினைந்து வயதுப் பெண்! ஆனால் அவள் கேட்டதில் தப்பில்லை. "சரி" என்றேன். அப்புறம்தான் அவள் அம்மா காபி கொண்டுவந்தார்.

ஞாயிற்றுக்கிழமை இருபது பேர் முன்னால் நின்று சொன்னேன். "அவ பேசினது தப்புன்னு அவகிட்ட சொல்லியிருக்கணும். நான் வெளிய போன்னு சொன்னேன். அது என் தப்பு." யாரும் சிரிக்கவில்லை. ஒல்லிப் பெண் போய், தன் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு கயிற்றைப் பிடித்தாள். "ஷூதான் வழுக்குது" என்றாள், யாரையும் பார்க்காமல். மற்றவர்களும் செருப்பை, ஷூவைக் கழற்றினார்கள். அந்த இரண்டு பெண்களும் அதற்குமேல் ஏதாவது பேசிக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. அன்றைக்குப் பையன்கள் ஒரு முறைகூட ஜெயிக்கவில்லை.

போட்டி நாள். மைதானத்தில் நிற்க இடமில்லை. மைக்கில் யாரோ விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். என் கணவர் ஷிப்ட் முடிந்து குளிக்காமல்கூட நேராக வந்திருந்தார். பாய் கடையைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு வந்திருந்தார். முதல் சுற்றில் ஒரு கல்லூரி அணி. எங்கள் பிள்ளைகள் இரண்டே இழுப்பில் முடித்தார்கள். அரையிறுதியில் டவுன்ஷிப் ஆசிரியைகள் அணி. முதல் இழுப்பை விட்டு, அடுத்த இரண்டையும் பிடித்தார்கள். எனக்குக் குரல் போய்விட்டது. பையன்கள் தகர டப்பாவைத் தட்டித் தட்டி நசுக்கிவிட்டார்கள்.

இறுதிச் சுற்றில் எதிரே வந்து நின்றவர்களைப் பார்த்து எங்கள் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். கம்மாபுரம் பக்கத்திலிருந்து வந்த பெண்கள். நாற்பது வயதுக்கு மேல்தான் எல்லாரும். புடவையைத் தூக்கிச் செருகி, மேலே ஆண் சட்டை போட்டிருந்தார்கள், வயல் வேலைக்குப் போகிற மாதிரியே. அதில் ஒருவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து கயிற்றைப் பிடித்தார்.

விசில் ஒலித்தது. ஒல்லிப் பெண் "ஹேய்" என்றாள். "ஹோ" சொல்வதற்குள் எங்கள் எட்டுப் பேரும் கோட்டுக்கு அந்தப் பக்கம் குப்புறக் கிடந்தார்கள். அந்தப் பெண்கள் வாயே திறக்கவில்லை. கத்தவில்லை, கணக்குக் கொடுக்கவில்லை. எட்டு உடம்பும் ஒரே உடம்பாகச் சாய்ந்தது.

இடம் மாறும்போது பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். சொல்ல என்னிடம் குரலும் இல்லை, யோசனையும் இல்லை. கடைசி முனைக்காரிதான் பேசினாள். அவள் அத்தனை பேர் முன்னால் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இழுக்க வேணாம். முதல்ல நிப்போம். அவங்க மூச்சு வாங்கட்டும். நான் நகர மாட்டேன், நீங்க என்னை நம்புங்க."

கயிற்றை இடுப்பைச் சுற்றித் தோளுக்கு மேலே விட்டுப் பிடித்துக்கொண்டாள். துப்பட்டாவைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்திருந்தாள். மறுபடி விசில். கயிறு விறைத்தது. நடுவில் கட்டிய சிவப்புத் துணி ஒரு சாண் அந்தப் பக்கம் போய் நின்றது. அப்படியே நின்றது. மைக் ஆள்கூடப் பேசவில்லை. அவள் குதிகால் மண்ணுக்குள் புதைந்துகொண்டே போனது, ஆனால் ஒரு அங்குலம்கூட முன்னால் வரவில்லை. எதிர்ப்பக்கம் ஒரு பெண் காலை மாற்றி வைத்தார். அந்த ஒரு நொடியைத்தான் ஒல்லிப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஹேய்... ஹோ! ஹேய்... ஹோ!" சிவப்புத் துணி ஒரு சாண், ஒரு முழம் என்று எங்கள் பக்கம் வந்தது. கோட்டைத் தாண்டியது!

நான் பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெரியவரைக் கட்டிப்பிடித்திருந்தேன். இன்றுவரை அவர் யார் என்று தெரியாது.

மூன்றாவது இழுப்பில் தோற்றோம். சுலபமாக இல்லை, ஆனாலும் தோற்றோம். பிள்ளைகள் மண்ணில் மல்லாந்து கிடந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள், ரெண்டு பேர் அழுதுகொண்டே சிரித்தார்கள். கம்மாபுரம் பெண்கள் நேராகக் கடைசி முனைக்காரியிடம் போனார்கள். ஒருவர் அவள் தோளை அழுத்திப் பார்த்தார்.

"ஏ பொண்ணே, நாங்க ஆறு ஊர்ல இழுத்துட்டு வரோம். எங்கள இப்டி நிக்க வெச்சது நீதான். வூட்ல இன்னா ஆக்கிப் போடறாங்க உனக்கு?"

அவள் வெட்கத்தில் சிவந்து போனாள். ஆனால் தலையைக் குனியவில்லை. பிறகு அந்த அம்மா என்னிடம் திரும்பினார். "நீங்கதான் இதுங்களுக்கு டீச்சருங்களா?"

"டீச்சர் இல்லைங்க. ஞாயித்துக்கிழமை சும்மா பார்த்துக்கறேன்."

"எங்க ஊர்ப் புள்ளைங்களும் போன பார்த்துகினு சும்மாதான் கெடக்குதுங்க. அனுப்பட்டுங்களா?"

வேண்டாம் என்று சொல்ல ஆயிரம் காரணம் இருந்தது. கூடம் சின்னது. தூரம் அதிகம். திங்கட்கிழமை காலையில் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் என் கம்மிய குரலைக் கேட்டு, எனக்கே பரிசோதனை தேவையா என்று கேட்கிறார்கள். இன்னொரு முறை நான் யாரிடம் கத்துவேனோ என்ற பயம் வேறு.

"அனுப்புங்க" என்றேன். அந்த ஒரு வார்த்தையும் காற்றாகத்தான் வந்தது.

அடுத்த ஞாயிறு ஒரு ஷேர் ஆட்டோ கூடத்து வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து ஒன்பது பிள்ளைகள் இறங்கினார்கள். ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார்கள். நான் பேர் எழுத நோட்டைத் தேடிக்கொண்டு உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள், எங்கள் பிள்ளைகள் அவர்களை இரண்டாகப் பிரித்து, கயிற்றின் இரண்டு பக்கமும் தங்களோடு நிறுத்திவிட்டிருந்தார்கள்.